நாணயத்துக்குத் தரச்சான்று வாங்கலாமா?

கேள்வி: தாத்தா விட்டுப்போன வெள்ளி நாணயங்கள் சில இருக்கின்றன. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்களுக்குத் தரம் பார்க்க அனுப்பலாமா? கட்டணம் குறைவாகத்தான் தெரிகிறது.

பதில்: அந்தக் கட்டணம் ஒரு நாணயத்துக்கானது மட்டும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு பார்சலுக்கும் தனிக் கையாளும் கட்டணம், போக வர தபால் செலவு, காப்பீடு, நேரடியாக அனுப்புவதென்றால் பெரும்பாலும் உறுப்பினர் சந்தா என்று வரிசையாக வரும். நீங்கள் எழுதிக் கொடுக்கும் மதிப்பு கூடக்கூட கட்டணப் பிரிவும் மேலே ஏறும், சீக்கிரம் வேண்டுமென்றால் அதற்கும் காசு. ஒற்றை நாணயத்தை அனுப்பினால் இத்தனையும் அதன் தலையில்தான் விழும், பத்துப் பேராகச் சேர்ந்து அனுப்பினால் தபால் செலவாவது பங்காகும்.

சரி, அனுப்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். விளக்கடியில் நாணயத்தை மெல்லச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் பளிச்சிட்டால் யாரோ தேய்த்துத் துலக்கியிருக்கிறார்கள். அதற்கு 1 முதல் 70 வரையிலான எண் தரம் கிடைப்பது கஷ்டம், 'டீடெய்ல்ஸ்' (அசல்தான், ஆனால் குறையுள்ளது என்று பொருள்) என்று எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பிவிடுவார்கள், கட்டணமும் திரும்பாது (நானும் இப்படி ஒன்றில் பட்டிருக்கிறேன்).

அப்புறம், நீங்கள் நினைக்கும் தரத்துக்கு ஒரு படி கீழே வைத்து, ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். சான்று இல்லாமல் விற்றால் கிடைப்பதைவிட அது மொத்தச் செலவுக்கு மேல் கூடவில்லையென்றால் அனுப்ப வேண்டாம், நாணயத்தைப் பத்திரமாக வைக்க சாதாரண அட்டை உறையே போதும்.