டெஸ்டர் எரிகிறது, பல்பு எரியவில்லை: எர்த்தில் கரண்ட் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். புயல் அடித்து ஆறாவது நாள் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. பிளக்கில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது, ஆனால் லைட், ஃபேன் எதுவும் ஓடவில்லை. பக்கத்து ஊர் வயர்மேன் பார்த்துவிட்டு, "நியூட்ரல் போயிருக்கு, எர்த் பைப்பில் கொடுத்துவிடுகிறேன், உடனே எரியும், 800 ரூபாய்" என்கிறார். நிரந்தரமாகச் சரிசெய்ய ஆபீசில் பேசி முடிக்க 4,000 ஆகுமாம். மாமியாருக்குச் சர்க்கரை, இன்சுலின் பிரிட்ஜில் இருக்கிறது. இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு வாரத்துக்கு மட்டும் எர்த்தில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒரு வாரத்துக்கும் வேண்டாம், ஒரு ராத்திரிக்கும் வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால் முதலில் போய் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

வயர்மேன் நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், மருந்துதான் விஷம். நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். வயலுக்கு வாய்க்கால் ஒன்று, வடிகால் ஒன்று. தண்ணீர் வாய்க்காலில் வந்து வயலில் பாய்ந்து வடிகாலில் வெளியேற வேண்டும். கரண்டும் பேஸ் கம்பியில் வந்து, பல்பில் வேலை செய்து, நியூட்ரல் கம்பியில் திரும்பிப் போக வேண்டும். உங்கள் வீட்டுக்கு வாய்க்கால் இருக்கிறது, வடிகால் அறுந்துவிட்டது. அதனால்தான் டெஸ்டர் எரிகிறது, பல்பு எரியவில்லை. ஏதாவது ஒரு ஸ்விட்ச் போட்டிருக்கும்போது பிளக்கின் இரண்டு ஓட்டையிலுமே டெஸ்டர் எரிந்தால் சந்தேகமே வேண்டாம், நியூட்ரல் இல்லை. அந்த நிலையில் வீட்டில் எந்தக் கம்பியையும் செத்த கம்பி என்று நினைத்துத் தொடக் கூடாது.

எர்த் பைப்பில் கொடுப்பது என்றால், அறுந்த வடிகாலுக்குப் பதிலாக வரப்பை வெட்டிப் பிள்ளைகள் விளையாடும் வாசலில் தண்ணீரைத் திருப்பிவிடுவதுதான். பல்பு நன்றாகவே எரியும். நம் பக்கத்து மண் ஈரம், கடலோரம் போகப் போக உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பைப்பு சுலபமாகக் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும். அதனால்தான் இந்த வேலையை ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள்.

ஆபத்து எங்கே என்றால், உங்கள் பிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் இரும்பு உடம்பும் மூன்று முள் பிளக்கின் பெரிய முள் வழியாக அதே பைப்போடுதான் சேர்ந்திருக்கிறது. ஷாக் அடிக்காமல் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. இப்போது அதிலேயே கரண்டை விடுகிறோம். தண்ணீர் மோட்டார் ஓடும்போது 4 ஆம்பியர் போகிறது, பைப்புக்கு 20 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால் பைப்பில் 80 வோல்ட் நிற்கும். இந்தக் கணக்கு புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஈரக் கையோடு வெறுங்காலில் நிற்கிறவருக்கு 50 வோல்ட்டே ஆபத்து என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதற்கு அடுத்த மாசி மாதம் முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு தோப்பு வீட்டுக்குப் போயிருந்தேன். பிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு துண்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கேட்டால், "சுருக்குன்னு பிடிக்குது சார், துண்டு போட்டா ஒண்ணும் தெரியலை" என்றார் அந்த வீட்டுப் பெண். பாட்டி இன்னொன்றும் சொன்னார்: கொல்லையில் எர்த் குழிப் பக்கம் ஆடு மேயவே போகமாட்டேன் என்கிறதாம். மீட்டர் வைத்துப் பார்த்தேன். பிரிட்ஜ் உடம்புக்கும் தரைக்கும் நடுவே 70 வோல்ட்டுக்கு மேல். புயல் சமயத்தில் "தற்காலிகமாக" எர்த்தில் கொடுத்துவிட்டுப் போன வயர்மேன் திரும்பி வரவே இல்லை. கார்த்திகையில் ஈரமாக இருந்த மண் மாசியில் காய ஆரம்பித்துவிட்டது. மண் காயக் காயப் பைப்பில் வோல்ட்டேஜ் ஏறும். சித்திரை வரை விட்டிருந்தால் அந்தத் துண்டு காப்பாற்றியிருக்காது.

எல்லாத் தற்காலிக வேலையும் இப்படித்தான் நிரந்தரமாகிறது. வீட்டில் இ.எல்.சி.பி., அதாவது கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் தானாகவே விழுந்து சப்ளையை நிறுத்தும் ஸ்விட்ச், இருந்தால் அது சரியாகவே விழுந்து விழுந்து எச்சரிக்கும். "இது ஒரு தொந்தரவு" என்று அதையும் பைபாஸ் பண்ணிவிட்டுப் போவார்கள். பண்ணவிடாதீர்கள். இன்னொரு விஷயம், இப்படி எடுத்தால் மீட்டரில் கணக்கு ஒழுங்காக ஏறாது. சோதனைக்கு வருகிறவர் மின் திருட்டு என்று எழுதினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவு, 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள பிரிவு. மாட்டிக்கொள்வது நீங்கள்தான், 800 ரூபாய் வாங்கியவர் அல்ல.

இனி என்ன செய்வது? மீட்டரைப் பாருங்கள். டிஸ்ப்ளேயும் சின்னச் சிவப்பு விளக்கும் அணைந்து கிடந்தால், நியூட்ரல் மீட்டருக்கு முன்னால், அதாவது கம்பத்திலோ கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரிலோ அறுந்திருக்கிறது. மரக்கிளை விழுந்த வீடுகளில் பெரும்பாலும் இதுதான். அது மின்வாரியத்தின் வேலை. வெளி ஆள் யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் பத்து நாள் வீணாக லைன்மேனுக்குக் காத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மீட்டர் டிஸ்ப்ளே பளிச்சென்று எரிகிறது, வீட்டில் மட்டும் எதுவும் ஓடவில்லை என்றால், மீட்டர் வரை நியூட்ரல் வந்துவிட்டது. கோளாறு அதற்கு இந்தப் பக்கம்: மெயின் ஸ்விட்சில் ஸ்குரு தளர்ந்திருக்கலாம், மழைத் தண்ணீர் இறங்கி நியூட்ரல் இணைப்பு பச்சை பூத்துப் போயிருக்கலாம். அது உங்கள் வீட்டு வேலை. மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கிற வயர்மேனைக் கூப்பிட்டு அன்றைக்கே சரிசெய்துகொள்ளலாம், கூலி கொடுப்பதும் நியாயம். ஆனால் அவர் தொட வேண்டியது மெயின் ஸ்விட்சிலிருந்து உள்ளே மட்டும். மீட்டர் சீலை உடைக்க விடக் கூடாது. சில மீட்டர்களில் பொத்தானை அழுத்தினால் பேட்டரியில் எண் தெரியும். அதைப் பார்த்துக் கரண்ட் இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், தானாக எரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மீட்டர் அணைந்திருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். அங்கே "கரண்ட் இல்லை" என்று மட்டும் சொன்னால் காரியம் நடக்காது. கேட்பவர் உங்கள் தெருவுக்குச் சப்ளை வந்தாயிற்று என்று பார்ப்பார், புகார் முடிந்த புகாராகிவிடும். இப்படிச் சொல்லுங்கள்: "தெருவில் கரண்ட் இருக்கிறது. எங்கள் சர்வீஸில் நியூட்ரல் கட். டெஸ்டர் எரிகிறது, மீட்டர் டிஸ்ப்ளே இல்லை." மின் இணைப்பு எண் வெள்ளை அட்டையில் இருக்கும், அதைக் கொடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, நேராகப் பிரிவு அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளரிடம் அதே வாசகத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. புயலுக்குப் பிறகு மேலே போகிற கணக்கெல்லாம் எத்தனை துணை மின் நிலையம், எத்தனை டிரான்ஸ்பார்மர், எத்தனை கம்பம் என்றுதான். எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஆட்கள் ராப்பகலாய் உழைத்துக் கம்பம் நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். அறுந்த சர்வீஸ் ஒயர்களைப் பார்க்க மூன்று, நான்கு ஊருக்கு ஒரு லைன்மேன். அந்த இடைவெளியில்தான் இந்த 800-ம் 4,000-மும் நுழைகிறது.

அந்த 4,000 பற்றி ஒரே வார்த்தை: கொடுக்காதீர்கள். புயலில் அறுந்ததைச் சேர்த்துக் கொடுக்க "ஆபீசுக்கு" என்று ஒரு கட்டணமும் கிடையாது. வாரியத்துக்கு எதற்குப் பணம் கட்டினாலும் ரசீது வரும். ரசீது இல்லாத பணம் வாரியத்துக்குப் போகிற பணம் இல்லை.

இன்சுலினுக்காக அவசரப்பட வேண்டாம். பக்கத்து வீட்டில்தான் கரண்ட் இருக்கிறதே, பிரிக்காத குப்பிகளை அங்கே பிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, கொடுத்து வையுங்கள். பிரித்துப் பயன்படுத்துகிற குப்பி வெயில் படாத குளிர்ந்த இடத்தில் சுமார் 4 வாரம் தாங்கும் என்று பெரும்பாலும் அதனோடு வரும் சீட்டிலேயே இருக்கும். ஒருமுறை டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். செல்போனையும் பக்கத்து வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

லைன்மேன் வருகிற அன்று பிரிட்ஜ், டி.வி. பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். அவர் சேர்த்து முடித்ததும் பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். எல்.இ.டி. பல்பு வோல்ட்டேஜ் கூடினாலும் ஒரே மாதிரி எரியும், அது உதவாது. குண்டு பல்பு வழக்கத்தைவிட வெள்ளையாய் எரிந்தால் தெரு நியூட்ரலிலேயே கோளாறு. வீட்டுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட் வரைகூட வரலாம். உடனே மெயினை இறக்கி, அவர் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள். வயர்மேன் ஏற்கெனவே எர்த்தில் கம்பி கொடுத்திருந்தால், அதையும் அன்றைக்கே உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள்.