கொன்றா, கொல்லவா?

ஐயா, வணக்கம். என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். பழைய காப்பியம் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள், அவள் சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டாள். துணைப்பாட ஆசிரியரிடம் காட்டினால் தாள் முழுக்கச் சிவப்பு மை. ‘தி சிலப்பதிகாரம்’ என்பதில் ‘தி’யை அடித்துவிட்டார். ‘இளங்கோ டெல்ஸ் தட்’ என்பது ‘டோல்ட் தட்’ ஆனது. ‘இஃப் தி கிங் இன்குவயர்ட், கோவலன் வில் நாட் டை’ என்பதற்கு ஒரு கேள்விக்குறி மட்டும். ‘தி கிங் ஆர்டர்ட் டு கில் கோவலன்’ என்பதை ‘ஆர்டர்ட் தி கார்ட்ஸ் டு கில் கோவலன்’ என்று மாற்றியிருக்கிறார். தமிழில் யோசிப்பதால்தான் அவள் ஆங்கிலம் கெடுகிறதாம். உண்மையா?
ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

வணக்கம்.

பாதி உண்மை. முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். ‘தி’ தப்பில்லை. இலியட், ராமாயணம் இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் ‘தி’ போடுகிறார்கள், பியோவுல்ஃபுக்குப் போடுவதில்லை. சிலப்பதிகாரத்தை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டுரை முடியும்வரை மாற்றாமல் எழுதினால் போதும். ‘டெல்ஸ்’ விஷயத்தில் ஆசிரியர் காலத்தைத் திருத்திவிட்டுப் பிழையை அப்படியே விட்டுவிட்டார். இளங்கோ காலமாகி எத்தனை நூற்றாண்டு ஆனாலும், நூல் சொல்வதை எழுதும்போது நிகழ்காலம்தான் ஆங்கிலத்தில் வழக்கம் (உ.வே.சா. அதை 1892இல் பதிப்பித்தார் என்பது வரலாறு, அதற்கு இறந்தகாலம்). குறை வேறு இடத்தில் இருக்கிறது: ‘டெல்’ என்றால் யாரிடம் என்று கேட்கும், ‘டெல்ஸ் அஸ்’ என்றோ ‘சேஸ்’ என்றோ எழுத வேண்டும். நமக்கு ‘சொல்கிறார்’ ஒன்றே இரண்டுக்கும் போதும், அதனால் வந்த வழுக்கல் இது. தமிழில் யோசிப்பதால் கெடுகிறது என்று ஆசிரியர் சொன்னது இங்கே சரி.

ஆனால் அந்தக் கேள்விக்குறி போட்ட வாக்கியத்தில் நடந்தது நேர்மாறு. அவளிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். “அரசன் விசாரித்திருந்தால் கோவலன் செத்திருக்க மாட்டான்” என்பாள், யோசிக்கக்கூட மாட்டாள். ‘விசாரித்திருந்தால்’ என்பதில் வரும் ‘இருந்து’தான் ‘ஹேட்’. ‘செத்திருக்க மாட்டான்’ என்பது ‘வுட் நாட் ஹேவ் டைட்’. ‘இஃப் தி கிங் ஹேட் இன்குவயர்ட், கோவலன் வுட் நாட் ஹேவ் டைட்’, அவ்வளவுதான். தமிழில் யோசித்திருந்தால் தப்பு வந்திருக்காது!

கடைசி வாக்கியத்தைப் பார்த்ததும்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன். திருத்தியபின் இலக்கணம் சுத்தம், கதைதான் தப்பு. பாண்டியன் கோவலனைக் கொல்லச் சொல்லவே இல்லை, கோவலன் என்று ஒருவன் மதுரைக்கு வந்திருப்பதே அவனுக்குத் தெரியாது. கொலைக்களக் காதையை எடுத்துப் பாருங்கள். ஊடியிருக்கும் தேவியைத் தேடி அரசன் போய்க்கொண்டிருக்கிறான், பொற்கொல்லன் காலில் விழுந்து சிலம்பு திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான், அரசன் அந்த அவசரத்திலேயே ஊர்காப்பாளரைக் கூப்பிட்டு, “கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு” என்கிறான். அந்த ‘ஆகில்’, அதாவது ‘இருந்தால்’, உங்கள் மகள் கட்டுரையிலும் இல்லை, திருத்தத்திலும் இல்லை. அவள் குற்றம் சாட்டுவது விசாரிக்காத அரசனை என்றால் அந்த ‘இஃப்’ இல்லாமல் எப்படிச் சாட்டுவாள்? சிலம்பு கையில் இருந்தாலே அவன் கள்வன் என்று அரசன் முடிவுகட்டியது அந்த ஒரு சொல்லில்தானே இருக்கிறது.

இன்னொன்று, அவளுக்குப் பிடிக்கும். பழைய உரையில் ஒரு குறிப்பு உண்டு: ‘கொல்ல அச்சிலம்பு கொணர்க’ என்று சொல்ல நினைத்தவன், வினை விளையும் காலமாதலால் ‘கொன்று’ என்று சொல்லிவிட்டான் என்று. கொல்வதற்காகக் கொண்டுவா என்றால் முதலில் ஆள் அரண்மனைக்கு வந்திருப்பான், வாய் திறந்திருப்பான், கண்ணகி கேட்டதை அவனே கேட்டிருக்கலாம். கொன்றுவிட்டுக் கொண்டுவா என்றதால் சிலம்பு மட்டும் வந்தது. ஒரு விகுதி மாறி ஒரு தலை போயிற்று என்று உரைகாரர் படித்திருக்கிறார். இலக்கணத் திருத்தம் அலுப்பு என்று அவள் முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஆகவே வாக்கியம் ஏறக்குறைய இப்படி வரலாம்: ‘தி கிங் ஆர்டர்ஸ் ஹிஸ் மென் டு கில் தி தீஃப் இஃப் தே ஃபைண்ட் தி ஆங்க்லெட் ஆன் ஹிம்.’ யாருக்குச் சொன்னான் என்பதும் வந்துவிட்டது, ‘ஆகில்’ என்பதும் வந்துவிட்டது.

அப்புறம், ‘கார்ட்ஸ்’ எனக்கு ஒட்டவில்லை. ஊர்காப்பாளர் என்பவர்கள் ஊரைக் காப்பவர்கள், ‘கார்ட்ஸ்’ என்றால் அரண்மனை வாசலில் விறைத்து நிற்பவர்கள் மாதிரி இருக்கிறது. ‘வாட்ச்மென்’ என்று போட்டாலோ நம்மூர்க் கட்டடக் காவலாளி ஜாகாதான் கண்ணுக்கு முன்னால் வருகிறார், அதனால்தான் நான் ‘ஹிஸ் மென்’ என்று நழுவிக்கொண்டேன். நல்ல சொல் கிடைத்தால் மகளையே எழுதச் சொல்லுங்கள்.