பட்டறைப் பக்கம்: மழைக்காலம் முழுக்க நின்ற வண்டி

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் உரமூட்டை, பழக்கூடை ஏற்றிப் போக ஒரு பழைய ஏடிவி (கரடுமுரடான தரையிலும் ஓடும் நாலு சக்கர வண்டி) வைத்திருக்கிறோம். 250 சிசி, கார்புரேட்டர் வண்டி, கியர் மாற்றும் வேலை கிடையாது, பெல்ட் டிரைவ். ஜனவரியில் பழம் பறித்து முடித்ததும் அரை டேங்க் பெட்ரோலோடு தகரக் கொட்டகையில் நிறுத்தியதுதான். இப்போது செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டக் டக்' சத்தம் மட்டும் வருகிறது. ஜீப் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. ஆட்களை வைத்துத் தள்ளியும் பார்த்தாயிற்று. ஏர் ஃபில்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அடித்தால் பிடித்துக்கொள்ளும் என்கிறான் தம்பி. செய்யலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: தயவுசெய்து செய்ய வேண்டாம். எஞ்சின் ஒரு முறை பேக்ஃபயர் அடித்தால் (தீ பின்பக்கமாக ஃபில்டருக்கு வந்தால்) போதும், பெட்ரோல் குடித்த ஃபில்டர் பற்றிக்கொள்ளும். சாக்கும் சருகும் கிடக்கிற கொட்டகையில் அதை அணைக்க நேரம் கிடைக்காது. தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தள்ளுவதையும் நிறுத்துங்கள். உங்கள் மாதிரி பெல்ட் வண்டிகளில் எஞ்சின் ஓடி வேகம் எடுத்த பிறகுதான் அதன் வேகம் சக்கரத்துக்குப் போகும். நின்றுபோன எஞ்சினைச் சக்கரத்தை உருட்டிச் சுற்ற வைக்க முடியாது.

இனி செல்ஃப் அடிக்கும் முன் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். நெடுநாள் நின்ற கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசி திறந்தபடி ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி, அங்கிருந்து ஆயிலிலும் கலந்துவிடும். அளவு கோட்டுக்கு மேலே ஏறி, தண்ணீர் மாதிரி இளகி, பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் ஆயிலை மாற்றுங்கள். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். செலவு பல மடங்காகும்.

'டக் டக்' என்பது பேட்டரியின் குரல். ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டாரைச் சுற்றும் அளவுக்குக் கரண்ட் இல்லை. சின்ன சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டு, கழற்றிச் சில மணி நேரம் விட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் புதியதுதான் வாங்க வேண்டும். இத்தனை மாதம் சார்ஜ் இறங்கிக் கிடந்தது மீளும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவரை ஜீப் பேட்டரியிலேயே சோதிக்கலாம், ஆனால் ஜீப் எஞ்சின் ஓடக் கூடாது.

சரி, சுற்றுகிற எஞ்சின் ஏன் பிடிக்கவில்லை? எஞ்சினை அணைக்கும் சிவப்பு கில் சுவிட்ச் 'ரன்' பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் செல்ஃப் அடித்த கையோடு பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. உங்கள் பிளக் காய்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

காரணம் பெட்ரோல். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஏற்காட்டு மழையிலும் பனிமூட்டத்திலும் அரை டேங்கோடு நின்ற வண்டி உங்களுடையது. கார்புரேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். இரண்டு அடுக்காக நின்றாலோ, பழுப்பேறி வார்னிஷ் வாடை அடித்தாலோ டேங்க்கையும் மொத்தமாக வடித்துவிடுங்கள். பழையதோடு புதியதைக் கலந்து சமாளிக்க நினைக்காதீர்கள்.

பெட்ரோல் மாற்றியும் பிடிக்காவிட்டால், அல்லது சோக் போட்டால் மட்டும் ஓடினால், பைலட் ஜெட் (எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் கார்புரேட்டர் துளைக் குழாய்) அடைத்திருக்கிறது. நின்ற வண்டிகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படிந்தால் முதலில் மூடுவது அதுதான். பலர் கார்புரேட்டரைப் பிரித்து, கண்ணுக்குத் தெரிகிற மெயின் ஜெட்டைத் துடைத்துவிட்டு, பள்ளத்துக்குள் இருக்கும் பைலட் ஜெட்டைத் தொடாமலே மூடிவிடுகிறார்கள். அதைக் கழற்றி, கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, காற்று பிடியுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். குண்டூசியோ எஃகுக் கம்பியோ விடாதீர்கள். துளை பெரிதானால் அந்த ஜெட் வீண்.

தோட்டத்து வண்டி என்பதால் இன்னொன்று: ஏர் ஃபில்டர் பெட்டியில் எலிக்கூடும், சைலன்சர் வாயிலும் டேங்க் காற்றுக் குழாயிலும் குளவிக் கூடும் இருக்கலாம். எலி கடித்த ஒயரையும் தேடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே உருட்டி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு நிறையும், அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. லீவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருக்கட்டும், பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

டயர் இறங்கியிருந்தால் பைக்குக்கு அடிப்பதுபோல் 30 பிஎஸ்ஐ அடிக்க வேண்டாம். ஏடிவி டயருக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐதான். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். மீறினால் சரிவில் பிடிப்பு போய்க் கவிழலாம்.

அடுத்த ஜனவரியில் நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும்.

கேள்வி: வெளிநாட்டில் மகளிடம் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தோம். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் இதே வைத்தியமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: இல்லை அம்மா, உங்கள் வண்டியில் ஜெட் கிடையாது. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி 'ம்ம்ம்' என்று ஓடும். காது கொடுத்துக் கேளுங்கள். கேட்காவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்து, ஃப்யூஸைப் பாருங்கள். இந்த வண்டிகளில் பேட்டரி அடியோடு இறங்கினால் கிக்கர் இருந்தும் பயன் இருக்காது. பம்ப் ஓடியும் பிடிக்காவிட்டால் பழைய பெட்ரோலை மெக்கானிக்கிடம் கொடுத்து வடிக்கச் சொல்லுங்கள், அந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்.