இரண்டு கடிதங்களுக்கும் ஒரே நாளில் பதில் எழுதாதீர்கள்

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறோம். என் 16 வயது மகனுடன் எங்கள் கால்பந்துக் கிளப்பின் வெளியூர் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். வெளியூர் ரசிகர்களுக்கான பகுதியில் எல்லோரும் நின்றபடிதான் பார்த்தார்கள். ஸ்டூவர்ட் (அரங்கில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஊழியர்) ஒருவர் வந்து என் மகனை மட்டும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரிகிறது என்று அவன் சொல்ல, வாக்குவாதம் ஆகிவிட்டது. இரண்டு பேர் அவன் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். அவன் கையை உதறினான். வாசலில் நின்ற போலீஸ்காரர் பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டு, "உடனே ஊரைவிட்டுப் போய்விடுங்கள்" என்றார். பத்து நாள் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. எங்கள் கிளப் அவனுடைய சீசன் டிக்கெட்டை நிறுத்திவைத்து, 14 நாளுக்குள் விளக்கம் கேட்கிறது. ஸ்டூவர்டைத் தள்ளியதாகப் புகார் இருக்கிறது, தாமாக முன்வந்து விசாரணைக்கு வாருங்கள் என்று போலீஸ் அழைக்கிறது. நானே உடன் போய் நடந்ததைச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். சரிதானா? அடுத்த மாத ஆட்டத்துக்கு வாங்கிய டிக்கெட்டுகளை என்ன செய்வது?

பதில்: நீங்கள் நினைத்திருப்பதை மட்டும் செய்யாதீர்கள். நல்ல எண்ணத்தோடு ஒரு தகப்பன் செய்யக்கூடிய தவறு இது. இத்தகைய வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதைத்தான்.

முதல் காரணம்: நீங்கள் சாட்சி. உங்கள் மகனுக்கு 18 வயது ஆகவில்லை. ஆகவே பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் போலீஸ் அவனை விசாரிக்க முடியாது. வழக்கமாகத் தாயோ தந்தையோதான் அந்த இடத்தில் அமர்வார்கள். ஆனால் சம்பவத்தைக் கண்ணால் பார்த்தவர் அந்தப் பொறுப்பை ஏற்கக் கூடாது என்று போலீஸ் விசாரணைக்கான நடத்தை விதிகள் சொல்கின்றன. அவனுடைய தாயோ, ஆட்டத்துக்கு வராத வேறு உறவினரோ போகட்டும். நீங்கள் இன்றே தனியாக உட்கார்ந்து, பார்த்ததை நேர வரிசைப்படி எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். மகனும் தனியாக எழுதட்டும். இருவரும் பேசிவைத்துக்கொண்டு எழுத வேண்டாம். ஒரே வார்த்தைகளில் இரண்டு வாக்குமூலங்கள் வந்தால் இரண்டுமே மதிப்பிழக்கும்.

இரண்டாவது காரணம்: "தாமாக முன்வந்து" என்ற சொல் ஏமாற்றும். அது நட்பான உரையாடல் அல்ல. பேச்சைத் தொடங்குமுன் அதிகாரி சட்டப்படியான எச்சரிக்கையை வாசிப்பார். அதன் பொருள் இது: நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பின்னர் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் கொள்ளப்போகும் ஒன்றை இப்போது சொல்லாமல் விட்டால் அது உங்கள் தரப்பைப் பாதிக்கலாம். சொல்வது எதுவும் சாட்சியமாகலாம். பேசுவதா, எழுத்தில் ஒரு விளக்கத்தைக் கொடுத்துவிட்டு மௌனமாக இருப்பதா என்பது போலீஸ் தரப்பிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எடுக்கவேண்டிய முடிவு. அதைச் சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர்தான் கேட்டுப் பெறுவார். போலீஸ் விசாரணையின்போது சொலிசிட்டரின் உதவி இலவசம். கைது செய்யப்படாமல் போகிறவருக்கும் அப்படித்தான். உங்கள் வருமானத்தை யாரும் கேட்கமாட்டார்கள். சொலிசிட்டர் கேட்டால் போலீஸ் குற்றவாளி என்று நினைக்கும் என்று நம்மவர்களிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தால் கெட்டுப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அழைப்பை அலட்சியம் செய்துவிடவும் கூடாது. வராவிட்டால் கைது செய்வதற்கு அதுவே காரணமாகலாம். வேறு தேதி வேண்டுமென்றால் சொலிசிட்டர் கேட்டு வாங்கித் தருவார்.

இப்போது, அன்று அந்த வரிசையில் நடந்ததற்கு வருவோம். உங்கள் மகனின் நிலைமை முழுக்க அந்த இரண்டு மூன்று நிமிடங்களில்தான் இருக்கிறது.

நின்றுகொண்டு பார்ப்பது குற்றமல்ல. எந்தச் சட்டமும் அதற்காக ரசிகரைத் தண்டிப்பதில்லை. ஆனால் டிக்கெட் வாங்கும்போது அரங்க விதிகளை ஏற்கிறோம். இருக்கைப் பகுதியில் உட்காரவேண்டும், ஸ்டூவர்ட் சொல்வதைக் கேட்கவேண்டும் என்பவை அவற்றில் அடங்கும். அவற்றை மீறினால் அது ஒப்பந்த மீறல். இந்த விதி வந்த வழியை மறந்துவிட்டு ஸ்டூவர்டைக் குறை சொல்வது நியாயமாகாது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில், நின்று பார்க்கும் கூண்டு போன்ற அடைப்புகளுக்குள் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். அந்தப் பேரிடரை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கைதான் பெரிய அரங்குகளை முழுக்க இருக்கைகளாக்கியது. பாதுகாப்புத் தடுப்புகளோடு நின்று பார்க்க அனுமதிக்கும் பகுதிகள் 2022இல்தான் இங்கிலாந்துக் கால்பந்து லீக்குகளின் மேல் இரண்டு பிரிவுகளில் மீண்டும் வந்தன. அதே ஹில்ஸ்பரோவில் ரசிகர்கள்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைக்க 2016 வரை, 27 ஆண்டுகள், இறந்தவர்களின் குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்றும் அப்போதுதான் ஜூரி சொன்னது. ஒரு ரசிகரின் தரப்பு அன்றே எழுத்தில் பதிவாகவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டூவர்டுக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் சட்டம் தந்திருப்பதுதான் அவருக்கும். கூடுதலாக, இடத்தின் உரிமையாளர் சார்பில் பேசும் தகுதி அவருக்கு உண்டு. வாசலில் பையைச் சோதிப்பதுகூட உங்கள் சம்மதத்தோடுதான். மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாமே தவிர, வலுக்கட்டாயமாகச் சோதிக்க முடியாது. வெளியேற்றுவதும் இப்படித்தான். கிளப் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். பெற்ற பிறகும் போகாதவரை, தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தி வெளியேற்றலாம். இங்கே வரிசை முக்கியம். முதலில் "வெளியே போங்கள்" என்று சொல்லியிருக்கவேண்டும். போவதற்கு நியாயமான அவகாசம் கொடுத்திருக்கவேண்டும். அதன் பிறகுதான் கை.

டிக்கெட் வைத்திருப்பவரை வெளியேற்றலாமா என்பது இங்கிலாந்து நீதிமன்றங்களில் பழைய சண்டை. 1845இல் டோன்காஸ்டர் குதிரைப் பந்தயத்தில் டிக்கெட் வாங்கியவரை வெளியேற்றியது செல்லும் என்றார்கள். 1915இல், டிக்கெட் வாங்காமல் நுழைந்தார் என்று தவறாக நினைத்துத் திரையரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர் வழக்குப்போட்டு வென்றார். இன்று கால்பந்தில் டிக்கெட்டின் விதிமுறைகளே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆனால் கை வைத்த விதம் சரியா என்ற கேள்வியை எந்த விதிமுறையும் அடைத்துவிட முடியாது.

ஆகவே உங்கள் குறிப்பில் இவற்றை எழுதுங்கள்: உட்காரச் சொன்னார்களா, வெளியே போகச் சொன்னார்களா? இவை இரண்டும் ஒன்றல்ல. போகச் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் பிடித்தார்கள்? எந்தக் கையை? மகன் உதறியபோது யார்மீது பட்டது? வெளியே போகச் சொல்லாமலேயே கையைப் பிடித்திருந்தால், உதறியது தற்காப்பு என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. முறையாகச் சொல்லி, அவகாசமும் கொடுத்து, பிறகு பிடித்திருந்தால் அந்த வாதம் மெலிந்துவிடும். லேசாகத் தள்ளியதுகூடச் சட்டத்தின் பார்வையில் தாக்குதல்தான் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இதைத் தீர்க்கக்கூடியது படப்பதிவு. அது உங்கள் கிளப்பிடம் இருக்காது. ஆட்டத்தை நடத்திய கிளப்பிடம் இருக்கும். சிசிடிவி, ஸ்டூவர்டின் உடலில் பொருத்திய கேமரா இருந்தால் அது ஆகியவற்றை அந்தக் கிளப்பிடமும், வாசலில் நின்ற போலீஸ்காரரின் கேமராப் பதிவைப் போலீஸிடமும் கேளுங்கள். 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன் உருவம் உள்ள பதிவைக் கேட்கும் உரிமை உங்கள் மகனுக்கு உண்டு. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும். தேதி, வாயில், பகுதி, வரிசை, இருக்கை எண், நேரம், அவன் அணிந்திருந்த உடை, அவனுடைய புகைப்படம் ஆகியவற்றோடு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பழைய பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடுவது வழக்கம். உங்களுக்கு ஏற்கெனவே பத்து நாள் போய்விட்டது. "இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள்" என்ற வரியையும் சேருங்கள். பக்கத்து இருக்கைக்காரர்கள் யாராவது கைபேசியில் எடுத்திருந்தால், உங்கள் ரசிகர் சங்கத்தின் மூலம் தேடுங்கள்.

கிளப்புக்கு எழுதும் பதிலில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். மன்னிப்புக் கேட்டால் சீசன் டிக்கெட் திரும்பக் கிடைக்கும் என்று நம்பி, "என் மகன் கோபத்தில் தள்ளிவிட்டான், இனி செய்யமாட்டான்" என்று எழுதுகிறார்கள். அந்தக் காகிதம் போலீஸ் கோப்புக்குள் போய்ச் சேரும். 14 நாளுக்குள் பதில் போகட்டும், ஆனால் சுருக்கமாக: கடிதம் கிடைத்தது; குற்றச்சாட்டை ஏற்கவில்லை; இதே சம்பவத்தில் போலீஸ் விசாரணை இருப்பதால் அது முடியும்வரை விளக்கம் தர அவகாசம் வேண்டும்; எந்த விதியை மீறியதாகச் சொல்கிறீர்கள், அதற்கான ஆதாரம் என்ன, மேல்முறையீட்டு வழி என்ன என்பதைத் தெரிவியுங்கள். இதுவே போதும். இதையும் சொலிசிட்டரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். கடைசியில் கிளப் நியாயமில்லாமல் நடந்தால், அதன் புகார் முறையை முடித்துவிட்டு, சுயேச்சையான கால்பந்துக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. எல்லோரும் நின்ற இடத்தில் ஒருவனை மட்டும் ஏன் பிடித்தார்கள் என்ற கேள்விக்கு உரிய மேடை அதுதான். இனமோ நிறமோ காரணம் என்று உங்களுக்குத் தோன்றினால், தயங்காமல் அதைக் குறிப்பில் எழுதுங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கிளப்பையும் கட்டுப்படுத்தும்.

போலீஸ் தரப்பில் ஓர் ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிறியவன் என்பதால், ஒப்புக்கொண்டால் வழக்கில்லாமல் ஓர் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்று சொல்லக்கூடும். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும் நேரத்தில் அது வரமாகத் தெரியும். சொலிசிட்டர் சம்மதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். 1989ஆம் ஆண்டின் கால்பந்துப் பார்வையாளர் சட்டப்படி, தண்டனை பெறாதவர்மீதும் போலீஸ் மனு கொடுத்துத் தடை உத்தரவு வாங்கலாம். வன்முறையிலோ ஒழுங்கீனத்திலோ அவர் எப்போதாவது பங்கெடுத்திருந்தார், உத்தரவு போட்டால் ஆட்டங்களில் கலவரத்தைத் தடுக்க உதவும் என்று நீதிமன்றம் நம்பினால் போதும். கையெழுத்திட்ட ஒப்புதல் அதற்கு வசதியான சாட்சியம். அந்த உத்தரவு 3 முதல் 5 ஆண்டுவரை நீடிக்கும். சட்டம் குறிப்பிடும் இங்கிலாந்து ஆட்டங்களுக்குப் போக முடியாது. வெளிநாட்டு ஆட்டங்களின்போது பாஸ்போர்ட்டை ஒப்படைக்க நேரிடும். மீறினால் 6 மாதம்வரை சிறை. ஆட்டத்தோடு தொடர்புடைய தாக்குதல் வழக்கில் தண்டனையே கிடைத்துவிட்டால், அநியாயமாகும் அளவுக்குத் தனிச்சூழல் இருந்தாலொழிய நீதிமன்றம் இந்த உத்தரவைப் போட்டே ஆகவேண்டும். 2022இல் சட்டத்தை அப்படி இறுக்கினார்கள். கிளப் போடும் தடையையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிளப்பின் தடை ஓர் ஒப்பந்த விவகாரம். இது நீதிமன்ற உத்தரவு.

பெயரும் முகவரியும் கொடுத்துவிட்டதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சும்மா கேட்டால் சொல்லவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. சமூக விரோத நடத்தை என்று போலீஸ் நியாயமாக நம்பினால், 2002ஆம் ஆண்டின் போலீஸ் சீர்திருத்தச் சட்டப்படி சொல்லியே ஆகவேண்டும். குற்றச் சந்தேகம் இருக்கும்போது பெயர் சொல்ல மறுத்தால், அடையாளம் தெரியவில்லை என்பதே கைதுக்கு வழிவிடும். அன்று சொன்னது நல்லதுதான்.

"ஊரைவிட்டுப் போங்கள்" என்றது வேறு கதை. 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தை, குற்றம், காவல் சட்டத்தில் கலைந்துபோகச் சொல்லும் அதிகாரம் போலீஸுக்கு இருக்கிறது. ஆனால் இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்டவர் முன்கூட்டியே அனுமதித்திருக்கவேண்டும். எந்த இடம், எவ்வளவு நேரம் என்று குறிப்பிடவேண்டும். முடிந்தவரை எழுத்தில் தரவேண்டும். 2008இல் மான்செஸ்டருக்கு அருகில் இர்லம் என்ற இடத்தில், மதுக்கூடத்தில் அமைதியாக இருந்த ஸ்டோக் சிட்டி ரசிகர்களை அப்போதிருந்த இதேபோன்ற சட்டத்தைக் காட்டிப் போலீஸ் கூட்டமாகத் திருப்பி அனுப்பியது. பிறகு மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுக்க நேர்ந்தது. உங்களிடம் காகிதம் எதுவும் தரவில்லை என்றால், அனுமதி இருந்ததா என்று கேட்டுப் புகார் கொடுக்கலாம். ஆனால் அதை இப்போது செய்யாதீர்கள். மகனின் விசாரணை முடியட்டும். அதன் பிறகு புகார் கொடுக்கலாம்.

அடுத்த மாத ஆட்டத்துக்கு அவனை அழைத்துப் போகாதீர்கள், வேறொருவர் பெயரில் வாங்கிய டிக்கெட்டிலும் வேண்டாம். கிளப் நிறுத்திவைத்திருக்கும்போது உள்ளே நுழைந்தது தெரிந்தால், இடைநிறுத்தம் நீண்ட தடையாக மாறிவிடும். அவனுடைய டிக்கெட்டை நண்பருக்கோ இணையத்திலோ விற்கவும் வேண்டாம். கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி விற்பது 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 166ஆம் பிரிவுப்படி குற்றம். அச்சிட்ட விலைக்கே கொடுத்தாலும் அப்படித்தான். அதைக் கிளப்பின் டிக்கெட் அலுவலகத்திடமே திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.