ஒரு தெருவைக் கடக்க ஆறு ஆண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கப் படங்களாகத் தேடிப் பார்த்துவருகிறேன். 'ஸோர்பா தி கிரீக்' மூன்று முறை பார்த்தாயிற்று. அந்தக் கடற்கரை நடனத்தில் மூவாயிரம் வருடத்துக் கிரேக்கம் ஆடுவதுபோல் இருந்தது. உங்களை நம்பி இயக்குநர் ஆஞ்சலோபூலஸின் 'தி டிராவலிங் பிளேயர்ஸ்' போட்டேன். நாற்பது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். எது எந்த வருடம் என்றே பிடிபடவில்லை. எந்த வரிசையில் பார்ப்பது? 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தூங்கியதை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்காகவே இந்தப் பதில். அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததாகச் சொல்பவர்களில் பாதிப் பேர் உங்கள் கட்சிதான்.

கல்யாணப் படம் சிகாகோ கதை, டொராண்டோவில் எடுத்தது. தாராளமாகப் பாருங்கள்.

ஆனால் மூவாயிரம் வருடம் எங்கிருந்து வந்தது? நீங்கள் பார்த்த அந்தக் கடற்கரை ஆட்டத்தின் பெயர் சிர்தாகி, 1964-இல் அந்தப் படத்துக்காகக் கோத்த நடனம். மெதுவான ஹஸாபிகோவில் தொடங்கி வேகமான ஹஸாபோசெர்விகோவுக்குத் தாவும்படி தியோடோராகிஸ் இசையமைத்தார். ஹஸாபிகோ கசாப்புக்காரர்களின் ஆட்டம். நம் 'கசாப்பு'க்கும் அந்தப் பெயருக்கும் அரபியில் ஒரே வேர். ஆடிய ஆந்தனி குவின் மெக்சிகோவில் பிறந்தவர். இயக்கிய ககோயானிஸ் சைப்ரஸ்காரர். ஆட்டம் அருமைதான், யார் இல்லையென்றார்கள்? அதன் தலையில் ஹோமரை ஏற்றாதீர்கள்.

ஆஞ்சலோபூலஸுக்கு வருவோம். ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழுவின் கதை. கிட்டத்தட்ட நான்கு மணி நேரப் படம், ஷாட்டுகளோ சுமார் 80. வருடத்தைத் திரையில் எழுதிக் காட்ட மாட்டார். 1975-இல் அதைப் பார்த்த கிரேக்கனுக்குத் தேதிகள் மனப்பாடம். உங்களுக்கு இல்லை, அதனால் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1936 ஆகஸ்ட், மெடாக்சாஸ் சர்வாதிகாரம். 1940 அக்டோபர் 28, இத்தாலி படையெடுப்பு. 1941 ஏப்ரல், ஜெர்மானியர். 1944 அக்டோபர், விடுதலை. அதே ஆண்டு டிசம்பர் 3, ஏதென்ஸ் சின்டாக்மா சதுக்கத்தில் இடதுசாரி ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு. 1945 பிப்ரவரி, வர்கிஸா ஒப்பந்தம், இடதுசாரிப் படையின் ஆயுத ஒப்படைப்பு. 1946 முதல் 1949 வரை அரசுக்கும் இடதுசாரிகளுக்கும் உள்நாட்டுப் போர். 1952 நவம்பர், வலதுசாரி மார்ஷல் பபாகோஸின் தேர்தல் வெற்றி.

சீட்டோடு அந்தப் புத்தாண்டு இரவுக்குப் போங்கள். 1946 பிறக்கிறது. நடனக்கூடத்தில் ஒரு பக்கம் இடதுசாரி இளைஞர்கள், ஜோடி ஜோடியாக. மறுபக்கம் மன்னர் ஆதரவாளர்கள், கோட்டும் தொப்பியுமாக வெறும் ஆண்கள். பாட்டுக்குப் பாட்டு போட்டி நடக்கிறது. ஒருவன் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான். இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். மிஞ்சிய ஆண்கள் தங்களுக்குள்ளேயே கைகோத்து ஆடுகிறார்கள். பிறகு விடியற்காலைத் தெருவில் தள்ளாடிக்கொண்டு போகிறார்கள், கேமராவும் கூடவே போகிறது. வெட்டு இல்லை. தள்ளாட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அணிவகுப்பாகிறது, பாட்டு முழக்கமாகிறது. தெருமுனையில் அவர்கள் போய்ச் சேரும் கூட்டம் 1952-இன் பபாகோஸ் பிரச்சாரக் கூட்டம்!

நடுவில் வெட்டியிருந்தால் அது ஆறு வருடம் கழித்து நடந்த வேறொரு சம்பவம். வெட்டாததால் அதே ஆட்கள், அதே போதை. நீங்கள் "பிடிபடவில்லை" என்று எழுதிய இடம்தான் இயக்குநரின் வாதமே. இதைப் படமாக்கத் தொடங்கியபோது கிரீஸில் ராணுவ ஆட்சி இன்னும் விழவில்லை, 1974 ஜூலையில்தான் விழுந்தது. கேட்ட அதிகாரிகளிடம் புராணக் கதை என்று சொல்லிச் சமாளித்தார்கள். முழுப் பொய்யும் இல்லை: புராணத்தில் தந்தைக்காகத் தாயைப் பழிவாங்கும் ஒரெஸ்டெஸின் பெயரே படத்திலும் ஒருவனுக்கு, அவன் தன் தாயையும் அவள் காதலனையும் மேடையிலேயே சுடுகிறான், நாடகம் என்று நினைத்துச் சபை கைதட்டுகிறது.

வரிசை கேட்டிருந்தீர்கள். முதலில் 'ஸ்டெல்லா', அப்புறம் 'ஸெட்' (அல்ஜீரியாவில் எடுத்தது, ஆனாலும் தெஸ்ஸலோனிகியின் கதைதான்), பிறகு 'ரெம்பெடிகோ'. அதன் பிறகு சீட்டும் கையுமாக இது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடாதீர்கள்.