சோங்ஜியாங்கில் ஆசிரியர் வேலை: அங்கேயே தங்கலாமா, ஷாங்காய் நகருக்குள் வீடு எடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால், ஷாங்காயின் புறநகரான சோங்ஜியாங்கில் ஒரு பள்ளியின் சர்வதேசப் பிரிவில் இயற்பியல் ஆசிரியர் வேலை வந்திருக்கிறது, அங்கேயே வீடு எடுப்பதா, ஷாங்காய் நகருக்குள் தங்கி தினமும் போய்வருவதா, வாழ்க்கை எப்படி இருக்கும் என்கிறீர்கள். நானும் அதே பக்கம் அதே பாடம் எடுக்கிறவன். அங்கேயே தங்குங்கள். ஆனால் சீனம் பேசக் கற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் மட்டும். அந்த எண்ணம் இல்லை என்றால் நகருக்குள் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது, ஏனென்றால் இங்கே மருந்துக்கடை, காய்கறிச் சந்தை, குடியிருப்பு வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி என்று யாரிடமும் ஆங்கிலம் எடுபடாது.

புறநகர் என்றதும் நேற்று முளைத்த இடம் என்று நினைத்துவிட வேண்டாம். சோங்ஜியாங் ஷாங்காயைவிட மூத்த ஊர். 1292இல் ஷாங்காய் தனி வட்டமாக ஆனபோதே அது சோங்ஜியாங்கின் ஆளுகைக்குள்தான் இருந்தது. பருத்தித் துணிக்குப் பேர் போன ஊர். சோங் அரச காலத்துச் சதுரக் கோபுரமும் யுவான் அரச காலத்துப் பள்ளிவாசலும் பழைய ஊர்ப்பக்கம் இன்னும் நிற்கின்றன. 2000க்குப் பிறகு எழுந்த பல்கலைக்கழக நகரம் வேறு இருக்கிறது, ஏழு பல்கலைக்கழகங்கள் ஒரே இடத்தில். 2007 டிசம்பர் கடைசியில் ஒன்பதாம் எண் மெட்ரோ வந்தபிறகு நகரம் எட்டிவிடுகிற தூரம்தான். முதல் 6 கிலோமீட்டருக்கு 3 யுவான், அதற்குமேல் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1 யுவான் என்பது ஷாங்காய் மெட்ரோவின் கணக்கு, அதனால் பணம் ஒரு பொருட்டே இல்லை. நேரம்தான் பிரச்சினை. பள்ளி காலை எட்டு மணிக்கு முன்பே தொடங்கிவிடும், மாலையில் மாணவர்கள் சுயபடிப்புக்கு உட்காரும்போது உங்களையும் சில நாள் இருக்கச் சொல்வார்கள், அதற்கு மேல் ஒரு மணி நேரம் மெட்ரோவில் நின்றுகொண்டு போனால் வாரக்கடைசியில் ஆளே மிஞ்ச மாட்டீர்கள். வீடு மட்டும் மெட்ரோ நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் இருக்கட்டும்.

சரி, யாரோடு வாழப்போகிறீர்கள் என்பதைச் சொல்கிறேன், எனக்கு இதுதான் முக்கியம். இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் பகல் நேரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். அதில் நிறையப் பேர் ஷாங்காய்க்காரர்கள் இல்லை. மகனோ மகளோ இங்கே வேலை பார்க்க, பேரப்பிள்ளையை வளர்ப்பதற்காக ஆன்ஹுய், ஹெனான் மாகாணங்களிலிருந்தும் ஜியாங்சு மாகாணத்தின் வடக்கிலிருந்தும் வந்தவர்கள். அவர்களும் ஊரை விட்டு வந்தவர்கள், அவர்களுக்கும் ஷாங்காய் பேச்சு புரியாது, அதனால் மாண்டரினில், அதாவது பொதுச் சீனத்தில், கொஞ்சம் கொச்சையாக எல்லோரோடும் பேசுவார்கள். நமக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்கள். எங்கள் கட்டடத்தில் ஆன்ஹுய்க்காரப் பாட்டி ஒருவர், பேரனைச் சறுக்குமரத்தில் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றபடி முதல் நாளே என் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, அம்மாவுக்கு என்ன வயது, ஏன் அவரைக் கூட்டி வரவில்லை என்று வரிசையாகக் கேட்டார். நம் ஊரில் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்கிற கேள்விகள்தான், எனக்கு அன்னியமாகவே படவில்லை. பனி விழுந்த பிறகு வாங்குகிற கீரைதான் இனிக்கும், அதற்கு முன்னால் வாங்காதே என்று சொல்லி, சந்தையில் தண்டு குட்டையாக, அடி பருத்ததாகப் பார்த்து எடுக்கவும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். உண்மையிலேயே இனிக்கிறது.

ஊரை விட்டு வந்த இதே கதை வகுப்பிலும் வரும், அதை நீங்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது. சர்வதேசப் பிரிவு என்றால் பணக்காரப் பிள்ளைகள் வெளிநாடு போக ஆசைப்பட்டு வருவது என்றுதான் வெளியில் நினைப்பார்கள். அப்படியும் இருக்கிறார்கள். ஆனால் ஷாங்காயில் பிறந்து இங்கேயே வளர்ந்தும் ஹூகோ எனப்படும் குடும்பப் பதிவு வேறு மாகாணத்தில் இருக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோரின் வசிப்பிட அட்டையில் வயது, படிப்பு, காப்பீடு கட்டிய ஆண்டுகள் எல்லாம் கணக்குப் போட்டு 120 புள்ளி சேர்ந்தால்தான் பிள்ளை இங்கே காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுத வழி உண்டு. சேராவிட்டால் ஒன்று, பழக்கமே இல்லாத சொந்த மாகாணத்துக்குப் போய் அங்குள்ள பாடத்திட்டத்தில் எழுத வேண்டும், இல்லை, இந்தப் பிரிவில் சேர்ந்து பிரிட்டிஷ் பாடத்திட்டமான ஏ லெவல் படிக்க வேண்டும். என் வகுப்பில் ஒரு மாணவி அப்படி வந்தவள், அப்பா அம்மா சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார்கள், கட்டணம் அவர்கள் வருமானத்தில் பெரும்பங்கு. அவளுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தால் அது என்ன அர்த்தம் என்று தெரிந்த பிறகு விடைத்தாளை நான் திருத்துகிற விதமே மாறிவிட்டது. இந்தப் பிள்ளைகள் விசையியல் கணக்கை நம்மைவிட வேகமாகப் போட்டுவிடுவார்கள். ஏன் அப்படி நடக்கிறது, விளக்குக என்று ஆங்கிலத்தில் கேட்டால்தான் திணறுவார்கள். சோதனைச்சாலைக் குறிப்பு எழுதுவதும் அப்படித்தான். உங்கள் உழைப்பு முழுக்க அங்கே போகட்டும்.

குளிர் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே, ஷாங்காய் உட்பட, வீடுகளுக்கு அரசு வெப்பக்குழாய் கிடையாது, அந்த வசதி வடக்குக்குத்தான். ஷாங்காயில் ஜனவரியில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும், காற்றில் ஈரம் வேறு, வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே குளிர். வகுப்பில் காற்றோட்டத்துக்கு என்று ஜன்னலைத் திறந்து வைப்பார்கள், பிள்ளைகள் பஞ்சுக் கோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். மின்கம்பளி ஒன்றை முதல் குளிருக்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஜூன் நடுவில் மழைக்காலம் வந்தால் துணி காயாது, சுவரில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே வடக்கு பார்த்த வீட்டை வாடகை குறைவு என்று எடுக்காதீர்கள். தெற்கு பார்த்த பால்கனி உள்ள வீடு, கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். உள்ளூர் அரிசி குட்டையாக, வேகவைத்தால் ஒட்டும், தயிர்சாதத்துக்கு அது அருமை, குழம்புக்குத் தாய்லாந்து நீள அரிசி எல்லாக் கடையிலும் கிடைக்கும். துவரம்பருப்பும் உளுந்தும் ஆன்லைனில் வாங்கலாம். சைவம் என்றால் பள்ளி உணவுக்கூடத்தை நம்பாதீர்கள், கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பிலோ சிப்பிச் சாறு விட்டோ வதக்குவது சகஜம்.

இப்போது காகித வேலை. நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அப்பா பெயரும் நம் பெயரும் சேர்ந்து ஒரே வரியில் நிற்கும். சீனாவில் விசா, வேலை அனுமதி, சிம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். சிம்மில் ஒரு வரிசை, வங்கியில் ஒரு வரிசை என்று பதிவாகிவிட்டால் பணம் செலுத்தும் செயலிகளான வீசாட்டோ அலிபேயோ கணக்கை இணைக்காது, அந்த இரண்டும் இல்லாமல் இங்கே காய்கறி வாங்குவதே சிரமம். ஒவ்வொரு கவுண்டரிலும் கையெழுத்துப் போடும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்குக் குடிபோன 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் காவல் நிலையத்தில் பதிய வேண்டும், ஓட்டலில் தங்கினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், வாடகை வீட்டில் அது உங்கள் பொறுப்பு. வாடகை பெரும்பாலும் ஒரு மாத முன்பணம், மூன்று மாத வாடகை சேர்த்துக் கேட்பார்கள், எனவே நான்கு மாதத் தொகை கையில் இல்லாமல் வராதீர்கள். வேலை அனுமதி உங்களைக் கூப்பிட்ட பள்ளிக்கு மட்டும்தான். வாரக்கடைசியில் வேறு இடத்தில் வகுப்பு எடுங்கள் என்று யாராவது பணத்தைக் காட்டினால் மறுத்துவிடுங்கள், அபராதம் 5,000 முதல் 20,000 யுவான் வரை, மோசமாகப் போனால் காவலிலும் வைப்பார்கள்.

வாட்சப், கூகுள் எதுவும் இங்கே நேராகத் திறக்காது. இங்கே அரட்டைக்கும் வீசாட்தான், ஆனால் அது 2020 ஜூனிலேயே இந்தியாவில் தடை ஆகிவிட்டது, ஆகவே வீட்டாரையும் அதற்குள் கூட்டிவர முடியாது. உங்கள் இந்திய சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள், அதில் வாட்சப் திறக்கும், இந்திய வங்கியின் ஓடிபியும் வரும். அப்புறம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பள்ளியிடம் ஒன்று கேளுங்கள்: அக்டோபர் 1 தேசிய தின விடுமுறையை ஈடுகட்ட முன்னும் பின்னும் சனி, ஞாயிறுகளில் வகுப்பு வைப்பார்கள், அந்த நாள்கள் சம்பளக் கணக்கில் எப்படி வரும் என்று. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.