சென்டம் எவ்வளவு தூரம் இழுக்கும்?

வணக்கங்க. கோபிசெட்டிபாளையத்துல இருந்து எழுதறேன். மகள் பிளஸ் டூவுல கணக்குல 100 வாங்கியிருக்குதுங்க. இயற்பியல் 88, வேதியியல் 91. பஸ் ஸ்டாண்டு பக்கம் பள்ளிக்கூடத்துக்காரங்க பிளக்ஸே வெச்சிட்டாங்க. சென்டம் வாங்கினா கோயமுத்தூர் பிஎஸ்ஜி டெக் இன்ஜினியரிங் காலேஜ் சீட் கையில இருக்குதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. ஆனா பக்கத்து வீட்டுப் பாப்பா கணக்குல 95, இயற்பியல் 98, வேதியியல் 97. அதுக்குத்தான் முதல்ல சீட் கிடைக்கும்ங்கறாங்க. அது எப்படிங்க? மச்சான் பையன் ஒருத்தன் எஸ்ஏடி பரீட்சை எழுதி அமெரிக்கா காலேஜுக்குப் போகோணும்ங்கறான். அங்க கணக்குல முழு மார்க் உதவுமுங்களா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிளக்ஸை மறந்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். பொறியியல் கவுன்சிலிங்கில் கட் ஆஃப் 200க்கு. கணக்கு மார்க் அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகச் சேரும். உங்கள் மகளுக்கு 100 + 44 + 45.5 = 189.5. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 95 + 49 + 48.5 = 192.5. அந்த மூன்று மார்க்குக்கு நடுவில் ஆயிரக்கணக்கான பேர் நிற்பார்கள்.

கணக்குக்கு இரட்டை எடை உண்டு என்பது உண்மைதான். ஆனால் 100க்கு மேலே ஏற இடமில்லை. 95ஐ 100 ஆக்கினால் கிடைக்கிற அதே ஐந்து, இரண்டு அறிவியலிலும் சேர்த்துப் பத்து மார்க் ஏற்றினாலும் கிடைக்கும். பல பிள்ளைகளுக்கு அதுதான் சுலபமான வழி. இயற்பியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இந்த முப்பதும் பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். போவதெல்லாம் எழுத்துத் தேர்வின் 70ல். பாடத்துக்கு உள்ளிருந்து எடுக்கும் ஒரு மார்க் கேள்வி, கட்டாய வினாவாக வரும் கணக்கு, விடையில் அலகு போடாமல் விடுவது. சென்டத்துக்காகக் கணக்கையே திரும்பத் திரும்பப் போடும் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

88 குறைவு என்று மகளுக்குத் தோன்றினால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்கள்தான் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும்; அவகாசம் சில நாட்களே. மறுமதிப்பீட்டில் மார்க் இறங்கவும் செய்யும் என்பதால், நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

சென்டம் தனியாக உதவும் இடம் ஒன்று உண்டு: கட் ஆஃப் சமமாகும்போது. 100, 90, 92 எடுத்தவருக்கு 191. 96, 95, 95 எடுத்தவருக்கும் 191. அப்போது முதலில் பார்ப்பது கணக்கு மார்க், ஆகவே சென்டம்காரர் முந்துவார். கணக்கும் சமமென்றால் இயற்பியல். அதிலும் சமமென்றால் வேறு சிலவற்றைப் பார்த்துப் பிறந்த தேதி வரை போய், கடைசியில் ரேண்டம் எண். ஒரே கட் ஆஃபில் நூற்றுக்கணக்கானவர்கள் குவிவதால் இது சின்ன லாபமில்லை. ஆனால் 191காரரை 191.5காரருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாது.

பொதுப்பிரிவில் பிஎஸ்ஜி டெக் கம்ப்யூட்டர் சயின்ஸ் 189.5க்கு எட்டாது. மற்ற பாடப்பிரிவுகளுக்கும், கோவையின் சிஐடி, ஜிசிடி, பெருந்துறை கொங்கு போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கும் உங்கள் இனப்பிரிவில் சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்ற ராங்கைப் பாருங்கள். கட் ஆஃபைப் பார்க்காதீர்கள். வினாத்தாள் எளிதான வருஷம் எல்லோருடைய கட் ஆஃபும் ஏறிவிடும், ராங்க் அவ்வளவு ஆடாது. மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு தனி. அந்தப் பட்டியலைத் தனியாகப் பாருங்கள்.

மத்திய அரசின் பொறியியல் கல்லூரியான என்ஐடிக்கு பிளஸ் டூ மார்க் வெறும் தகுதிதான். பொதுவாக மொத்தத்தில் 75 சதவீதம் இருந்தால் போதும், அதன்பின் ஜேஇஇ நுழைவுத் தேர்வு ராங்க் மட்டுமே பேசும். அங்கே 11ஆம் வகுப்புப் பாடமும் அதே அளவு வரும். பதினொன்றை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டையே உருட்டும் பள்ளிகளின் சென்டம், ஜேஇஇயில் திணறுவது இதனால்தான்.

மச்சான் பையன் விஷயம். எஸ்ஏடி கணக்குப் பகுதி 800க்கு. 44 கேள்விகள், 22 வீதம் இரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு 35 நிமிடம், கால்குலேட்டர் உண்டு. முதல் கட்டத்தில் சறுக்கினால் இரண்டாவதில் எளிதான கேள்விகளே வரும். அதன்பின் 800ஐத் தொட முடியாது. நுண்கணிதம் கிடையாது, ஆகவே நம் பிளஸ் டூ கணக்குப் பிள்ளைக்கு இது கடினமில்லை. சிக்கலே அதுதான்: பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் மற்றவர்களும் 800க்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2022ல் எஸ்ஏடியை மறுபடி கட்டாயமாக்கியபோதே, முழு மதிப்பெண்காரர்களைத் தேடவில்லை, பாடத்தைத் தாங்குவாரா என்று பார்க்கத்தான் தேர்வு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கையில் எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. 780 வந்துவிட்டால் அந்த 20க்காகத் திரும்ப எழுத வேண்டாம். ஆங்கிலப் பகுதியும் 800க்குத்தான். நம் பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் அங்கே. மீதி நேரத்தை அதற்கும் விண்ணப்பக் கட்டுரைகளுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.

மகளுக்கு விருப்பப் பட்டியல் போடும்போது கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துக் குறிக்காதீர்கள், நான்கு இலக்கக் குறியீட்டையும் சரிபாருங்கள். பீளமேட்டில் இருக்கும் பிஎஸ்ஜி டெக் வேறு, நீலாம்பூரில் இருக்கும் பிஎஸ்ஜி ஐடெக் வேறு. அதேபோல பிஎஸ்ஜி டெக், சிஐடி இரண்டிலும் சில பாடப்பிரிவுகளுக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் அதிகம்.